ஐந்து மதிப்பெண் புல்வெளி

ஏப்ரல் கடைசி வாரம், ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் விடைத்தாள் நாற்பத்து மூன்றையும் சாப்பாட்டு மேசையில் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டும்போது எனக்கே என்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

'உலகின் முக்கியப் பல்லுயிர்த் தொகுதிகளைக் கூறி, ஏதேனும் ஒன்றின் முக்கியத்துவத்தை விளக்குக. ஐந்து மதிப்பெண்.' கேள்வி நான் எடுத்ததுதான். மழைக்காடு, சவானா, பாலைவனம், மித வெப்ப மண்டலப் புல்வெளி, ஊசியிலைக் காடு, தூந்திரம் என்று இருபத்தாறு வருடமாக இதையேதான் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளும் என் நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். முக்கால்வாசிப் பேர் மழைக்காட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் நோட்ஸில் வரிகள் அதிகம். ஒருவன் மட்டும் துணிந்து தூந்திரத்தை எடுத்து, 'அங்கே நிலம் உறைந்து கிடப்பதால் மக்கள் ஒண்டிக்கடை முக்கில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்பது போன்ற ஸ்வெட்டர் அணிகிறார்கள்' என்று எழுதியிருந்தான். அந்த உறைந்த மண் உருகினால் உலகத்துக்கே சூடு ஏறும் என்று நான் தொண்டை வற்றச் சொன்னதில் அவனுக்குத் தேறியது ஸ்வெட்டர். அரை மதிப்பெண் போட்டேன்.

அடுத்த தாள் சுதாராணியுடையது. எங்கள் ஊரான தலைச்சோலையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் மருதாயியின் மகள். மருதாயி காபி எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிறவள். சுதாராணி வகுப்பில் வாயே திறக்காது. அது எழுதியிருந்தது இது:

'புல்வெளி என்பது மரம் இல்லாத காலி இடம் அல்ல. புல்லின் வேர்கள் மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, மெதுவாக வெளியே விடும். கரியமில வாயுவை மண்ணுக்கு அடியில் சேர்த்து வைக்கும். எடுத்துக்காட்டு: ஸ்டெப்பி, பிரெய்ரி, பாம்பாஸ், எங்கள் மொட்டைக்கரடு. மொட்டைக்கரட்டின் மேற்குப் பாதியில் மரம் நட்டார்கள். மேற்கு ஊற்று வற்றிவிட்டது. கிழக்குப் பாதியில் புல் இருக்கிறது. கிழக்கு ஊற்றில் தண்ணீர் வருகிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி.'

முதல் மூன்று வரி என் நோட்ஸ். பாம்பாஸ் வரைக்கும்கூட என் நோட்ஸ்தான். அதற்குப் பிறகு வந்தது எதுவும் என்னுடையது இல்லை.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மேற்குப் பாதியில் மரம் நட்டவர் முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, வாதம் வந்த இடது கையை வலது கையால் நீவிக்கொண்டிருந்தார். என் கணவர் ஞானசுந்தரம். அவரோடு சேர்ந்து நட்டது நான்.

மொட்டைக்கரடு எங்கள் ஊருக்குத் தலைக்கு மேலே இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் முழுக்கப் புல், முழங்கால் உயரம். சுற்றிலும் எஸ்டேட், மிளகுக்கொடி, சில்வர் ஓக் என்று பசுமையாக இருக்க, நடுவில் இது மட்டும் மொட்டையாக நின்றது எங்கள் ஊருக்கே வெட்கமாக இருந்தது. பேரைப் பார்த்தாலே தெரியும். மழையில் பச்சை, மாசி பங்குனியில் பழுப்பு. மாடு மேயும். வேறு ஒன்றுக்கும் ஆகாது என்பது எங்கள் முடிவு.

அதிலும் அவர் கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தவர். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு, காபித் தோட்டத்தை வரிசை வரிசையாகச் சுற்றிப் பார்ப்பதுதான் ரைட்டர் வேலை. காபிச் செடி பட்டுப்போய் வரிசையில் ஓட்டை விழுந்த இடத்துக்கு எஸ்டேட்டில் வேகன்சி என்று பெயர். ஜூன் மழை பிடிப்பதற்குள் எல்லா வேகன்சியிலும் நாற்று வைத்தாக வேண்டும். வைக்காத ரைட்டருக்கு மரியாதை கிடையாது. அந்தப் புத்தி ஆளோடு ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தால், பூசை நடுவிலேயே பக்கத்து ஆளை நகர்ந்து உட்காரச் சொல்வார். அப்படிப்பட்டவர் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் எதிரில் பார்த்தது பதினைந்து ஏக்கர் வேகன்சி.

எஸ்டேட் நர்சரியில் மிஞ்சிய ஆயிரத்து இருநூறு சில்வர் ஓக் நாற்றைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கினார். நான் பள்ளியின் பசுமைப் படைக்குப் பொறுப்பாசிரியை. எண்பது பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போனேன். கரட்டின் உச்சியில் நின்று, "வெறும் புல்லாகக் கிடக்கிற இடத்தைக் காடாக்கப் போகிறோம்" என்று பேசினேன். அதே வாரம்தான் வகுப்பில் புல்வெளிகளின் முக்கியத்துவம் நடத்தியிருந்தேன். ஒரு நொடிகூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பாடத்தில் இருந்த புல் ரஷ்யாவில் இருந்தது, அர்ஜென்டினாவில் இருந்தது. எங்கள் கரட்டில் இருந்தது மாட்டுக்கானது.

மேற்குப் பாதிக்குத்தான் நாற்று போதுமானதாக இருந்தது. வைத்ததெல்லாம் பிழைத்தது. அவர் கை வைத்தால் பிழைக்காமல் என்ன. விடுமுறை நாளெல்லாம் அங்கேதான் இருந்தார். காலமெல்லாம் இன்னொருவர் நிலத்தில், இன்னொருவர் நாற்றை வைத்தவருக்குத் தன் பேரைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் தகரப் பலகையில் 'ஞானசுந்தரம் வனம்' என்று எழுதி அடித்தார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோதான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

நாலாம் வருடம் மேற்கு ஊற்று மே மாதத்தில் நின்றது. ஆறாம் வருடம் பிப்ரவரியிலேயே நின்றது. இப்போது மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். மழை குறைந்துவிட்டது என்றோம். டூரிஸ்ட் காட்டேஜ்காரர்கள் போர்வெல் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று திட்டினோம். அதுவும் பொய் இல்லை. ஆனால் கிழக்கு ஊற்றுக்கும் அதே மழை, அதே போர்வெல். அது இன்னும் சுண்டுவிரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஊற்றிலும் தினம் குடம் பிடித்த நாங்கள் யாரும் யோசிக்காததை, தினம் அம்மாவோடு குடம் தூக்கிய பிள்ளை பரீட்சையில் எழுதிவிட்டது.

ஐந்துக்கு ஐந்து போட்டேன். தாள்களைக் கட்டிப் பள்ளியில் ஒப்படைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

மே மாதம் முழுக்கச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்கு ஓர் ஊற்று. காலை ஐந்தரைக்குக் குடத்தோடு நின்றால் ஏழு மணிக்கு இரண்டு குடம் கிடைக்கும். ஐம்பத்து நாலு வயதில் அந்த ஏற்றத்தை ஏறி இறங்கினால் முழங்கால் சத்தம் போடுகிறது. ஒருநாள் வரிசையில் மருதாயி என் குடத்தையும் வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர். நொம்ப மூச்சு வாங்குது உங்களுக்கு."

"உனக்குத்தான் இடுப்பு வலின்னு கேள்விப்பட்டேன்."

"யாருங்க சொன்னது?"

பரீட்சைத் தாள் சொன்னது என்று எப்படிச் சொல்வது. சும்மா சிரித்தேன்.

"இந்த ஊத்தும் நின்னு போச்சுன்னா தண்ணி லாரியத்தான் நம்பிக் கெடக்கோணும்" என்றாள். "அது வாரத்துக்கு ஒருக்கா வந்தா உண்டு."

அந்த மாதத்தில்தான் கிழக்குப் பாதியில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். ஊர் இளைஞர் மன்றத் தலைவர் அன்பழகன், ஜீப் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். இருந்து இருந்து அவருக்கு வந்த நல்ல எண்ணம் மொட்டைக்கரட்டின் மீதிப் பாதியிலும் மரம் வைப்பது. யாரோ ஆயிரம் நாற்று இலவசமாகத் தருகிறார்களாம். ஜூன் முதல் சனிக்கிழமை விழா. நோட்டீஸ் அடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"சார், மொத நாத்து உங்க கையாலதானுங்க. டீச்சர்தான் பேசோணும்."

நோட்டீஸில் என் பேர் இருந்தது. 'சிறப்புரை: திருமதி ஆரோக்கியசெல்வி. தலைப்பு: மரம் ஏன் வேண்டும்?' என் கணவர் அதை வலது கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தார். கை இழுத்துக்கொண்டதிலிருந்து இரண்டு வருடமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். "குழி ஒன்ற அடி இருக்கோணும் அன்பு. மேல்மண்ணத் தனியா வெக்கச் சொல்லு" என்றார். இதைப் பார்த்த பிறகு எந்த மனைவி வாயைத் திறப்பாள். நான் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திறந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, நாளைக்கு அங்க நாத்து வெக்க வேண்டாம்."

"ஏன், மழ வருதா?"

"மழைக்கில்லீங்க. மரமே வேண்டாம். அது புல்லு எடம். புல்லா இருக்கறதாலதான் கெழக்கூத்து ஓடுது."

சுதாராணி எழுதியதைச் சொன்னேன். எனக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. நான் நோட்ஸ் கொடுத்த மூன்று வரியையும் சேர்த்தே சொன்னேன்.

"அப்ப நா வெச்ச மரந்தான் தண்ணியக் குடிச்சுப்போட்டுதுங்கறயா?"

"அது மட்டுமேன்னு சொல்லலீங்க. ஆனா அதுவுந்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து மேற்குப் பாதி தெரியும். நேராக, வரிசை பிசகாமல், ஓர் ஓட்டை இல்லாமல் நிற்கும்.

"இந்தப் பாடம் ஒம்போது வருசத்துக்கு முன்னாடியும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"நீதான் நடத்துனயா?"

"நாந்தானுங்க."

"எனக்கு ஒரு நாளு சொல்லியிருக்கலாமில்ல. தெனமும் ஒன்னா உக்காந்துதான சாப்புட்டோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் சும்மா கேட்டார். வலித்தது. பொஸ்தகத்தில் இருந்தது நம்மூர் என்று எனக்கே தோன்றவில்லை என்றேன். இருபத்தாறு வருடம் பாடம் நடத்திய ஒருத்தி சொல்லக்கூடிய பதிலா அது. அவர் சட்டை சூடாக இருக்கும்போதே வாங்கி மாட்டிப் பார்த்தார். நாளைக்குப் போகத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அந்த நாற்றையும் வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. கரட்டின் சரிவில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். கிழக்குப் பாதி முழுக்கப் புல்லுக்கு நடுவில் குழி குழியாக வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு நாற்றுப் பை. மழை முதல் நாளே லேசாகத் தூறியிருந்ததால் புல் நுனி பச்சை கட்டியிருந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையில் அவர் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் கிடக்கிற இடது கை. அவருக்குப் பின்னால் அன்பழகன் சிரித்தபடி நின்றார். நான் என்ன பேசினேன் தெரியுமா. மழைக்காடுகள் உலகின் நுரையீரல் என்று ஆரம்பித்து, மரம் மழையைக் கொண்டுவரும், மரம் மண்ணைக் காக்கும் என்று ஏழு நிமிடம் அச்சுப்பிசகாமல் ஒப்பித்தேன். என் பிள்ளைகள் பரீட்சையில் செய்வதைத்தான் செய்தேன். கை தட்டினார்கள். வந்து உட்கார்ந்தபோது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அடுத்து அவரை எழுப்பினார்கள். அன்பழகன் ஒரு நாற்றை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தார். போட்டோவுக்கு ஆட்கள் செல்போனைத் தூக்கினார்கள். அவர் குழி வரை நடந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நாற்றைக் கீழே வைத்துவிட்டு, மைக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"நா பேசற ஆளில்ல. ஒன்னே ஒன்னு சொல்லோணும். இங்க நாத்து வெக்க வேண்டாம்."

சலசலப்பு எழுந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"அந்தப் பக்கம் நா மரம் வெச்சேன். அந்தப் பக்கத்து ஊத்து நின்னு போச்சு. இந்தப் பக்கம் புல்லு இருக்குது, ஊத்து ஓடுது. நீங்களே பாத்துக்குங்க. எஸ்டேட்டுல வேகன்சியப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு அப்படி ஆயிப்போச்சு. புல்லப் பாத்தா காலி எடமாத் தெரிஞ்சுது. அது காலி எடமில்லீங்க. என்ற தப்பு அது."

"சார், டீச்சர் இப்பத்தான மரம் வேணும்னு பேசுனாங்க" என்றார் அன்பழகன். பாவம், அவர் முகமே செத்துவிட்டது.

"எங்கூட்டு டீச்சர் ஒம்போது வருசத்துக்கு முந்தியே சொன்னாங்க" என்றார் அவர். "புல்லுல மரம் வெக்காதீங்க, தண்ணி போயிரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நாந்தான் கேக்கல. இன்னிக்கும் என்ற மானத்தக் காப்பாத்தத்தான் அப்படிப் பேசுனாங்க. அவங்கள ஒன்னும் சொல்லாதீங்க."

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து, இல்லை, இவர் சொல்வது பொய், நான் சொல்லவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, மைக்கும் இருந்தது. எழவில்லை.

பெண்கள் பக்கமிருந்து மருதாயிதான் முதலில் பேசினாள். "அன்னிக்கே டீச்சர் பேச்சக் கேட்டிருக்கலாமில்லீங்க சார். ஊரே செரமப்படுதே."

"கேட்டிருக்கலாம் மருதாயி. தப்புத்தான்" என்றார் அவர். ஊருக்கு முன்னால், தலையைக் குனிந்து.

அதற்குப் பிறகு விவாதம், சத்தம், யார் யாரோ போனில் பேசினார்கள். கடைசியில் அன்பழகன் நாற்றை வீட்டுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுத்து, மிச்சத்தைத் தந்தவர்களிடமே திருப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அரைமனதுதான். குழியை மழைக்கு முன்னால் மூட வேண்டும், வெட்டிப்போட்ட புல் கரணையை வேரோடு அப்படியே திரும்பப் பதிக்க வேண்டும் என்று என் கணவர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் மட்டும் பழைய ரைட்டர் குரல் வந்தது.

இருவரும் மெதுவாக இறங்கினோம். சறுக்கும் இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ஏனுங்க அப்படிப் பொய் சொன்னீங்க?"

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குதில்ல" என்றார். "நீ அங்க நின்னு இந்தப் பாடத்த நடத்தோணும். தெரிஞ்சே தப்புப் பண்ணுன டீச்சர்னு ஆயிட்டா எந்தப் புள்ள கேக்கும்? எனக்கென்ன, ரிட்டயர் ஆனவன்."

தகரப் பலகையைத் தாண்டும்போது அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை போனேன். சுதாராணி இப்போது பத்தாம் வகுப்பு. எனக்கு முதல் பீரியடே அங்கேதான். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்ற விதத்திலேயே ஏதோ புதிதாக இருந்தது. வாயே திறக்காத சுதாராணி கையைத் தூக்கியது.

"மிஸ், நீங்க அப்பவே சொன்னீங்களாமே. சார் கேட்டிருந்தா ரெண்டு ஊத்தும் இருந்திருக்குமில்லீங்க மிஸ்?"

நாற்பது முகமும் என்னையே பார்த்தன. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். பாடத்தை ஆரம்பித்திருக்கலாம், மிச்சமிருக்கும் வருடங்களையும் அப்படியே ஓட்டியிருக்கலாம்.

"நான் சொல்லல கண்ணு" என்றேன். "எனக்குத் தெரியவே இல்ல. உனக்கு நடத்துனதுக்கு அப்பறம், நீ எழுதுனதப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அந்த மரத்த வெச்சதுல நானும் ஒருத்தி. சார் எனக்காகப் பொய் சொன்னாங்க."

சுதாராணி கையை இறக்கி, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தது. நான் சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். ஊர்முன்னால் தலையைக் குனிந்து அவர் எனக்கு வாங்கிக் கொடுத்ததை நான் இரண்டு நாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. அதைச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும்.